பெர்ம்: முதல்ல யார் தலையில டெஸ்ட் பண்ணாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன வாரம் கோட்டை, கொத்தளம்னு பேசினோம். இன்னைக்குக் கொஞ்சம் மேல போவோம். தலைமுடி.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அவலூர்பேட்டை. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை பக்கம் போனா வருமே, அந்த ஊர்தான். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து போறேன், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “எப்படா வந்த”ன்னு கூடக் கேட்கல. “இன்னாடா இது தலையில, குருவிக்கூடா?”

விஷயம் என்னன்னா, எனக்கு இருப்பது கோரை முடி. எண்ணெய் வைத்து வாரினாலும் சரி, வாராவிட்டாலும் சரி, கம்பி மாதிரி நேராகத்தான் நிற்கும். கொரியன் சீரியல் ஹீரோ மாதிரி நெற்றியில் அலை அலையாக விழணும்னு ரொம்ப நாள் ஆசை. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாடி சென்னையில் ஒரு சலூனில் 6,000 ரூபாய் கொடுத்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து பெர்ம் பண்ணிக்கிட்டேன்.

ஒரு மாசம் தாங்கல. மேல இருந்த அலையெல்லாம் படிந்துபோச்சு. நுனி மட்டும் காய்ந்த துடைப்பம் மாதிரி நின்னுச்சு. ‘பெர்மனென்ட்’னு பேர் வச்சுட்டு ஒரு மாசம் கூட நிக்கலையேன்னு கடுப்பில் தேட ஆரம்பிச்சேன். ‘ஏன் நிக்கல’ங்கிற கேள்விக்குப் பதில் ஒரு சாயங்காலத்தில் கிடைச்சிடுச்சு. ஆனா தேடப் போன இடத்தில் இன்னொரு கேள்வி மாட்டிக்கிச்சு. இதையெல்லாம் முதல்ல யார் தலையில டெஸ்ட் பண்ணாங்க? காசு யாருக்குப் போச்சு? அந்தக் கேள்வி லண்டன், சிகாகோ எல்லாம் சுத்திட்டு, கடைசியில் எங்க ஊர் பக்கத்துலயே வந்து நின்னுச்சு.

கோரை முடி ஏன் அடம் பிடிக்குது?

முதல்ல கொஞ்சம் வேதியியல். சீக்கிரம் முடிச்சிடறேன்.

ஸ்கூல் படிக்கும்போது ரெட்டை ஜடை போட்டவங்களுக்கு இது தெரியும். ஈரத் தலையோடு இறுக்கிப் பின்னி, காய்ந்த பிறகு பிரிச்சா, கோரை முடியில் கூட அலை இருக்கும். தலைக்குக் குளிச்சா போயிடும். முடிக்குள் இருக்கும் கெரட்டின் என்கிற புரத இழைகளை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் பிணைப்புகளில் ஒரு வகை, தண்ணீர் பட்டாலே விட்டுவிடும், காய்ந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஜடை அலை அதனால் வருவது.

இன்னொரு வகைப் பிணைப்பு இருக்கு. அது கந்தகத்தால் ஆனது. முடி கருகும்போது ஒரு நாத்தம் வருமே, அதற்கு முக்கியக் காரணம் இந்தக் கந்தகம்தான். ஏணியின் இரண்டு கம்புகளை இணைக்கும் படிகள் மாதிரி இவை இழைகளைக் குறுக்கே பிடித்து வைத்திருக்கும். தண்ணீருக்கு அசையாது. பெர்ம் என்பது இந்தப் படிகளை உடைத்து, முடி வளைந்த நிலையில் இருக்கும்போது வேறு இடத்தில் மாட்டுவது. இப்போ சலூனில் குச்சியில் முடியைச் சுற்றி, மூக்கைப் பிடுங்கும் வாடையோடு ஒரு திரவம் ஊத்துறாங்களே, அது பெரும்பாலும் அமோனியம் தையோகிளைகோலேட். அது படிகளை உடைக்கும். அப்புறம் ஊத்துறது ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி ஒன்று. அது படிகளைத் திரும்ப மாட்டும்.

என்னை மாதிரி தடிமனான நேர் முடியில் வெளி அடுக்கு இறுக்கமாக மூடியிருந்தால் மருந்து உள்ளே இறங்க நேரமாகும். பாதிப் படிதான் உடைஞ்சிருந்தா, நாலு தடவை தலைக்குக் குளிக்கறதுக்குள்ள முடி பழைய நிலைக்கு வந்துடும். அதுக்குப் பயந்து அதிக நேரம் விட்டா நுனி செத்துப்போகும். என் தலையில் ரெண்டுமே நடந்திருக்கு. எல்லாம் சரியாக அமைந்தாலும் ஒரு விஷயத்தை மாத்தவே முடியாது. முடி வளைவதை முடிவு பண்ணுவது தோலுக்குள் இருக்கும் வேர்ப்பையின் வடிவம். அங்கே எந்த மருந்தும் போறதில்லை. மாதம் ஒரு சென்டிமீட்டர் வீதம் புது முடி பழையபடி நேராகத்தான் வரும்.

கத்தரீனாவின் தலை

1872-இல் பாரிஸில் மார்செல் கிராத்தோ என்ற சிகையலங்காரக்காரர், சூடாக்கிய இடுக்கியால் முடியில் அலை எழுப்பும் முறையைக் கொண்டுவந்தார். பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஆனால் அது நம்ம ஜடை அலை மாதிரிதான். குளித்தால் போயிற்று.

அதே 1872-இல் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகதியில், டோட்நாவ் என்ற சிற்றூரில், ஒரு செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர் கார்ல் நெஸ்லர். முடிதிருத்தும் தொழில் கற்று, ஊர் ஊராகப் போய், கடைசியில் லண்டனில் கடை போட்டார். குளித்தாலும் போகாத அலை வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். காரத்தன்மை உள்ள கரைசலில் முடியை நனைத்து, உலோகக் கம்பியில் சுற்றி, தண்ணீர் கொதிக்கும் அளவு சூட்டில் வைத்தால் அது நடக்கும் என்று கண்டுபிடித்தார்.

எப்படிக் கண்டுபிடித்தார்? கத்தரீனா லைபிள் என்ற பெண்ணின் தலையில் முயற்சி பண்ணித்தான். பின்னாளில் அவருடைய மனைவி. முதல் தடவை முடி கருகிப் போனது. இரண்டாம் தடவையும் கருகிப் போனது, தலைத்தோலிலும் சூட்டுக் காயம். மூன்றாவது தடவைதான் அலை வந்தது.

நம்ம வேலையில், ஒரு மாற்றத்தை நேரா லைவ் சர்வரில் ஏத்தி அது கவிழ்ந்தா, பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். கருகிய முடிக்கு அந்த வசதி இல்லை. ரெண்டாவது தடவை கருகின பிறகு மூணாவது தடவை அந்தம்மா ஏன் போய் உட்கார்ந்தாங்க? காதலா, நம்பிக்கையா, வேற வழி இல்லையா? இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் ‘மூன்றாவது முயற்சி வெற்றி’ன்னு ஒரு வரியில் தாண்டிப் போயிடறாங்க.

1905 அக்டோபர் 8 அன்று லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் நெஸ்லர் அந்த முறையை மற்ற சிகையலங்காரக்காரர்களுக்குச் செய்து காட்டினார். ஒவ்வொரு பித்தளை உருளையும் ஏறக்குறைய 900 கிராம். ஒரு டஜன் உருளைகள். அந்த எடையைத் தலை தாங்காது என்பதால், மேலே சரவிளக்கு மாதிரி ஒரு அமைப்பிலிருந்து எதிர் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும்.

முதல் உலகப் போர் வந்தபோது ஜெர்மன்காரர் என்பதால் இங்கிலாந்தில் அவர் எதிரி நாட்டவர் ஆனார். 1915-இல் அமெரிக்கா போனார். அங்கே 1920களில் பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளத் தொடங்க, அந்தக் குட்டை முடிக்கு அலை தேவைப்பட, தொழில் கொழித்தது. 1929 பங்குச்சந்தைச் சரிவில் பெரும் பணத்தை இழந்து, 1951-இல் இறந்தார். பெர்மின் தந்தை என்று அவருக்குப் பெயர். தாய் என்று யாரையும் சொல்வதில்லை.

ஜாய்னரின் இயந்திரம்

அடுத்து சிகாகோ. மார்ஜரி ஜாய்னர், 1896-இல் வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினப் பெண். சிகாகோவில் ஒரு அழகுக்கலைப் பள்ளியில் 1916-இல் பட்டம் பெற்றார். அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அப்புறம் மேடம் சி. ஜே. வாக்கர் நிறுவனத்தில் சேர்ந்து, அதன் அழகுக்கலைப் பள்ளிகளை மேற்பார்வையிடும் பொறுப்புக்கு உயர்ந்தார்.

அவருக்கு யோசனை வந்தது அடுப்படியில். பெரிய இறைச்சித் துண்டு உள்ளே வரைக்கும் வேகணும்னா, நடுவில் கம்பி செருகி வேகவைப்பார்களாம். அதே மாதிரி ஒரே சமயத்தில் பல கம்பிகளில் முடியைச் சுற்றிச் சூடேற்றினால் என்ன? மேலே ஒரு கூடு, அதிலிருந்து தொங்கும் கம்பிகள் என ஒரு இயந்திரம் செய்தார். 1928-இல் காப்புரிமை கிடைத்தது. சுவாரஸ்யம் என்னவென்றால், நேர் முடிக்காரர்கள் அதில் சுருள் வைத்துக்கொண்டார்கள், சுருட்டை முடிக்காரர்கள் அதிலேயே நீவிக்கொண்டார்கள். இல்லாததைத் தேடுவதில் எல்லா நிறத்தவரும் ஒன்றுதான்.

எனக்குப் பிடிச்ச விஷயம் அதற்கு அப்புறம் வருது. சூடு தலையில் படுகிறது, வலிக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். ஜாய்னர் தலைத்தோலைக் காக்கும் ஒரு தடுப்பைச் செய்து, அதற்கும் தனியாகக் காப்புரிமை வாங்கினார். நெஸ்லர் கேட்டது ‘அலை நிக்குமா’ன்னு. ஜாய்னர் அதோடு ‘உட்கார்ந்திருக்கிறவங்களுக்குச் சுடுதா’ன்னும் கேட்டார்.

ஆனால் காப்புரிமை போய்ச் சேர்ந்தது நிறுவனத்துக்கு. அந்த இயந்திரத்தால் அவர் கைக்குப் பெரிதாகப் பணம் வரவில்லை. அவர் அதை நினைத்து உட்கார்ந்துவிடவும் இல்லை. 1973-இல், 77 வயதில், கல்லூரிப் பட்டம் வாங்கினார். 1994 வரை வாழ்ந்தார்.

சூடு போய் மருந்து வந்தது

1934-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டேவிட் காடார்ட், லியோனார் மிக்கேலிஸ் என்ற இருவர் கம்பளியை வைத்துக் கெரட்டினை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நான் ஆரம்பத்தில் சொன்ன கந்தகப் படிகளைச் சூடே இல்லாமல் உடைக்கலாம் என்பது அந்த ஆய்வுகளில் தெளிவானது. அவர்கள் மனதில் சலூன் இல்லவே இல்லை. 1938-இல் ஆர்னால்டு வில்லட் என்ற அமெரிக்கர் சூடில்லாத ‘கோல்ட் வேவ்’ முறையைக் கொண்டுவந்தார். 1940களில் தையோகிளைகோலேட் சலூனைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ‘டோனி’ என்ற வீட்டு பெர்ம் பெட்டி அமெரிக்காவில் அவ்வளவு விற்றது. 1948-இல் ஜில்லெட் நிறுவனம் அதை 2 கோடி டாலருக்கு வாங்கியது.

இங்கே ஒரு விஷயம். முடி நீக்கும் க்ரீம் இருக்குல்ல? அதிலும் இதே தையோகிளைகோலேட் குடும்பம்தான், காரம் மட்டும் கூடுதல். பெர்ம் பாதியில் நிறுத்தும் வேலையை அது முழுசா முடிச்சு முடியைக் கரைச்சிடும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் ஷெட்டுகளில் தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போடுவார்களே, அங்கேயும் உடைவது அதே கந்தகப் படிதான். நம்ம ஊர்ப் பெண்கள் முடியை நேராக்கப் பண்ணிக்கிற ரீபாண்டிங்? அதுவும் இதே மருந்து வகைதான். குச்சிக்குப் பதிலாகச் சூடான தட்டு. பெர்முக்கும் ரீபாண்டிங்குக்கும் நடுவில் இருக்கும் தூரம் ஒரு குச்சி அளவுதான்.

மேல்மலையனூர் மொட்டை

இப்போ எங்க ஊர். அவலூர்பேட்டைக்குப் பக்கத்தில்தான் மேல்மலையனூர். அங்காளம்மன் கோயில். அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவத்துக்கு எங்கெங்கிருந்தோ பஸ் பஸ்ஸா ஜனம் வரும். வேண்டுதல் இருந்தா மொட்டை.

நான் 11-ஆம் வகுப்பு படிக்கும்போது டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிழைச்சு வந்ததும் அம்மா மேல்மலையனூர் போய் மொட்டை போட்டுக்கிட்டாங்க. இடுப்புக்குக் கீழே தொங்கின முடி. என்னுடையதைப் போலவே கோரை முடி, சரியாகச் சொன்னால் என்னுடையதுதான் அவங்களுடையதைப் போல. நான் பக்கத்தில் நின்னு பார்த்தேன். பத்து நிமிஷம் கூட ஆகல. முடியைச் சுருட்டி ஒரு மூட்டையில் போட்டாங்க. அந்த மூட்டை எங்கே போகும்னு அன்னைக்கு எனக்குத் தோணவே இல்லை.

இப்போ தெரியும். நம் பக்கத்துப் பல கோயில்களில் காணிக்கை முடியைச் சேகரிக்கும் உரிமை ஏலம் விடப்படுகிறது. திருமலை தேவஸ்தானத்தின் பட்ஜெட்டில் முடி விற்பனை வருமானம் மட்டும் ஆண்டுக்கு 100 கோடி ரூபாயைத் தாண்டும். சாயமோ மருந்தோ படாத, வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் மாறாமல் ஒரே திசையில் கட்டிய நீள முடிக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு. சென்னை அந்த ஏற்றுமதியின் முக்கிய ஊர்களில் ஒன்று. நீளவாரியாகப் பிரித்து, அலசி, காயவைத்து, விக்காகவும் ஒட்டுமுடியாகவும் ஆக்குகிறார்கள். சுருள் முடி கேட்டு ஆர்டர் வந்தால்? நேர் முடியைக் குச்சியில் சுற்றி நீராவியில் வைக்கிறார்கள். நெஸ்லர் கத்தரீனாவுக்குப் பண்ணினாரே, ஏறக்குறைய அதேதான். ஒரே வித்தியாசம், இங்கே முடி யார் தலையிலும் இல்லை. சுடாது.

அப்போ எங்கம்மாவுடைய கோரை முடி, ஏதோ ஒரு நாட்டில், யாரோ ஒருத்தர் தலையில் சுருள் சுருளாகத் தொங்கியிருக்கலாம். அவங்க அதுக்குக் கொடுத்த விலையில் ஒரு பைசா எங்கம்மாவுக்கு வரல. மொட்டை அடிக்கிற அண்ணன்களும் ரொம்ப காலம் பக்தர்கள் கொடுக்கும் சில்லறையை நம்பித்தான் இருந்தாங்க. 2021-இல்தான் தமிழ்நாடு அரசு கோயில்களில் மொட்டைக் கட்டணத்தை எடுத்துவிட்டு, அவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது.

இதே முடி 2004-இல் ஒரு உலகச் செய்தி ஆச்சு. பழமைவாத யூதப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு சொந்த முடியை மறைக்க விக் வைப்பது வழக்கம். அந்த விக்குகளில் நிறைய இந்தியக் கோயில் முடி. அந்த வருஷம் மே மாதம் ஜெருசலேமின் மூத்த மதகுரு எல்யாஷிவ், அது வேற்றுத் தெய்வத்துக்குப் படைத்த பொருள், பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பு சொன்னார். நியூயார்க்கின் புரூக்ளினில் தெருவில் விக்குகளைக் கொட்டிக் கொளுத்தினார்கள். அதற்கு முன்னால் லண்டனிலிருந்து ஒரு மதகுரு திருப்பதிக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார். வாதம் இதுதான்: மொட்டை போடுபவர் தெய்வத்துக்குக் கொடுப்பது முடியையா, இல்லை தன் அழகையும் அகந்தையையும் விடுவதுதான் காணிக்கையா? முடியே படையல் என்றால் விக் கூடாது. விடுவதுதான் காணிக்கை என்றால், கீழே விழுந்த முடி வெறும் முடி.

அம்மா சொன்ன பதில்

இந்த எபிசோடுக்கு நான் ஒரு முடிவு எழுதி வச்சிருந்தேன். கத்தரீனா, ஜாய்னர், எங்கம்மா. மூணு பேரும் கொடுத்தவங்க, பேரும் காசும் வேற யாருக்கோ போச்சு. நல்லா பொருந்தி வந்துச்சு. ரெக்கார்ட் பண்றதுக்கு முதல் நாள் அம்மாவுக்கு போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். முடி ஏலம், ஏற்றுமதி, புரூக்ளின் வரைக்கும்.

அம்மா பொறுமையா கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க: “நான் முடியா குடுத்தேன்? உன்னைக் கேட்டேன், அவ குடுத்தா. அத்தோட கணக்கு முடிஞ்சுது. கீழ விழுந்ததை அவங்க கொளுத்தினா இன்னா, வித்தா இன்னா?”

ஜெருசலேமில் பெரிய பெரிய ஆட்கள் வாதாடின கேள்விக்கு எங்கம்மா சப்பாத்தி மாவு பிசைஞ்சுக்கிட்டே பதில் சொல்லிட்டாங்க.

நான் விடல. “அப்போ காசு வரலைன்னு உனக்கு ஒண்ணும் இல்லையா?”ன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. “அந்த மொட்டை அடிக்கிறவருக்குக் குடுக்கலாம். பாவம், நாள் பூரா குனிஞ்சே உக்காந்திருப்பாரு. எனக்குக் கத்தி கூடப் படாம எடுத்தாரு.”

அதனால் எழுதி வச்ச முடிவை அழிச்சுட்டேன். எங்கம்மாவை ஏமாந்தவங்க பட்டியலில் சேர்க்க எனக்கு உரிமை இல்லை. கத்தரீனாவையும் அப்படிச் சேர்த்துட முடியுமான்னு இப்போ சந்தேகம். அவங்க ஏன் மூணாவது தடவை உட்கார்ந்தாங்கன்னு கேட்க அவங்களுக்கு ஒரு போன் போட முடியாது. ஆனா அந்த மூட்டையைக் காசாக்குறவங்க, கத்தி படாமல் எடுக்கிற அந்தக் கைக்கு ஒரு பங்கு கொடுக்கணும்ங்கிறதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜாய்னர் இருந்தா முதல்ல அந்தப் பக்கம்தான் பார்த்திருப்பார்.

கடைசியா, பெர்ம் பண்ணப் போற கோரை முடிக்காரங்களுக்கு, சூடுபட்ட பூனை சொல்றேன். ஒரே ஒரு கொத்து முடியில் முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. காதுக்குப் பின்னால் மருந்து வைத்து இரண்டு நாள் பாருங்க. மருதாணிப் பொடியோ சாயமோ போட்டிருந்தா மறைக்காமச் சொல்லுங்க. சில பொடிகளில் கலந்திருக்கும் உலோக உப்பு இந்த மருந்தோடு சேர்ந்தால் முடி ஒடிஞ்சு கையோடு வரும். எனக்கு இது எதையும் யாரும் பண்ணல, நானும் கேட்கல. 120 வருஷத்துக்கு அப்புறமும் டெஸ்ட் என் தலையிலதான் நடந்துச்சு.

போனை வைக்கும்போது அம்மா கேட்டாங்க, “ஆமா, அந்தக் குருவிக்கூட்டுக்கு எவ்ளோடா குடுத்த?” சொன்னேன். “சுருட்டை முடி சோறு போடும்னு சொல்வாங்க. உன்னுது ஆறாயிரம் ரூபா சோத்தைத் தின்னுட்டுப் போயிருக்கு.”

அடுத்த எபிசோடில் பார்ப்போம் மக்களே. உங்க வீட்டில் யார் மொட்டை போட்டாங்க, எதுக்காகப் போட்டாங்க? ஒரு தடவை கேட்டுப் பாருங்க.